அறுபடாத தளைநூலை இணைத்து அனுப்பும் மனு

அனுப்புநர்:
அக்மாத் மகள் சுய்தும்,
பணியாளர், பெண்கள் நீராவிக் குளியல் இல்லம்,
கொதிகலன் அறை (பின்வாசல் வழி),
பழைய சந்தைத் தெரு, கோக்-தெரெக்.

பெறுநர்:
மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
மாகாண ஆளுநர் அலுவலகம்,
கோக்-தெரெக், கிர்கிஸ்தான்.

பொருள்: சிறையிலிருந்து விடுதலையான பெண்களுக்கான 'முதல் அடி' மறுவாழ்வு இல்லம் பூட்டிக் கிடப்பது – அதில் எனக்கு அறையும் முகவரிப் பதிவும் மறுக்கப்படுவது – அதனால் என் மகள் பெகாயை இழக்கும் நிலையில் இருப்பது – உடனே தலையிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி இல்லத்தின் மார்ச் 8 மகளிர் நாள் திறப்பு விழா.
2. அவ்விழாவில் என் கணுக்கால்களில் கட்டப்பட்ட நூல் (இணைப்பில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. அனுப்புநர் முகவரியில் 'கொதிகலன் அறை' என்று இருப்பதைப் பார்த்துத் தங்கள் எழுத்தர் இம்மனுவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அது கைப்பிழை அல்ல. நான் அங்கேதான் தூங்குகிறேன். குளிர்காலத்தில் இந்த ஊரிலேயே கதகதப்பான படுக்கை என்னுடையதாகத்தான் இருக்கும். அந்த வகையில் எனக்கு யார் மீதும் வருத்தமில்லை. கொதிகலன் அறையை வசிப்பிடமாகப் பதிவு செய்ய முடியாது என்பதுதான் என் வருத்தம்.

2. நான் சிறையில் இருந்தவள். கணவருடைய தம்பி சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்த மாவு மூட்டையில் மாவு மட்டும் இருக்கவில்லை. மூட்டை என் கையில் இருந்தது, ஆகவே விலங்கும் என் கைக்கு வந்தது. தீர்ப்பை எதிர்த்து முறையிட நான் வரவில்லை. தண்டனையை முழுதாக முடித்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறேன். கைதானபோது வயிற்றில் குழந்தை இருந்தது. பெகாய் சிறையில் பிறந்தாள். மூன்று வயது வரை சிறையின் குழந்தைப் பிரிவில் என்னுடன் இருந்தாள். பிறகு விதிப்படி அரசுக் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டாள். என் கணவர் இதற்கிடையில் வேறொரு திருமணம் செய்துகொண்டு, என்னைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்.

3. இந்த செப்டம்பரில் பெகாய் பள்ளியில் சேர வேண்டும். அதற்கு முன், ஆகஸ்ட் 26 அன்று குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகிறது. அன்றைக்குள் பதிவு பெற்ற ஒரு வசிப்பிடத்தை நான் காட்டினால் மகள் எனக்கு. காட்டாவிட்டால், தலைநகரிலிருந்து வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும் ஒரு தம்பதிக்கு. அவர்கள் பொம்மை வாங்கி வந்தார்களாம். அவளுக்குத் தலைவாரிவிட்டார்களாம். நல்லவர்கள் என்றே காப்பகத்தில் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

4. என் கோரிக்கை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. தங்களுக்கு நேரமில்லை என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்திடலாம். ஆனால் சமூக நலத்துறைத் தலைவர் திரு. தாலந்த்பெக் இசாகோவிச் அவர்கள் ஏன் எனக்கு ஓர் அறை தர முடியாது என்கிறார் என்பதற்கான காரணத்தைப் படிக்காமல் விட்டால் தாங்கள் ஒரு நல்ல சிரிப்பை இழப்பீர்கள். அதனால் தொடர்கிறேன்.

5. தளைவெட்டுச் சடங்கைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடை பழகும் வயதில் தங்களுக்கும் செய்திருப்பார்கள். குழந்தையின் இரு கணுக்கால்களையும் கறுப்பு வெள்ளைக் கம்பளி நூலால் எட்டுப்போல் சுற்றிக் கட்டுவார்கள். தூரத்திலிருந்து மற்றவர்கள் போட்டி போட்டு ஓடி வருவார்கள். முதலில் வந்தவர் நூலை வெட்டிவிடுவார். ஓடி வந்தவரின் கால் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. குழந்தை எழுந்து நடக்கும், வீட்டார் மிட்டாயை வாரி இறைப்பார்கள். நம் நாட்டில் அதைச் செய்யாத தாய் கிடையாது. அதைச் செய்துகொள்ளும் வயது ஒன்று, அல்லது ஒன்றேகால்.

6. எனக்கு வயது முப்பத்தொன்பது.

7. மார்ச் 8 அன்று எங்களைச் சிறைத்துறைப் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். விடுதலையான பெண்களை அழைத்துவர வேறு வண்டி கிடைக்கவில்லையாம். 'முதல் அடி' இல்லத்தின் முற்றத்தில், உருகிக்கொண்டிருந்த பனிச் சேற்றின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஒலிபெருக்கி, தொலைக்காட்சிக்காரர்கள், பூங்கொத்துகள் எல்லாம் இருந்தன. தாங்கள் வருவதாக இருந்தது. தாங்கள் வரவில்லை, தங்கள் வாழ்த்துச் செய்தி வந்தது. அது வாசிக்கப்பட்டபோது நாங்கள் நின்றுகொண்டே கேட்டோம். உட்கார முடியாத நிலையில் இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குள் எங்கள் கால்களைக் கட்டிவிட்டார்கள்.

8. ஆம், ஐயா. கறுப்பு வெள்ளை நூலால், வரிசையாக, எல்லாருக்கும். சிறையிலிருந்து வரும் பெண் பிறந்த குழந்தைக்குச் சமம், அவள் எடுத்து வைப்பது முதல் அடி, ஆகவே தளையை வெட்டி அனுப்புவோம் என்று திரு. தாலந்த்பெக் இசாகோவிச் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்களுள் ஒருத்தி பேரன் பேத்தி எடுத்தவள். ஒருத்தி விடுதலையான மறுவாரமே மலைக் கணவாயைக் கால்நடையாகவே தாண்டித் தன் ஊருக்குப் போய் வந்தவள். கால்கள் இருந்தும் போக இடமில்லாமல்தான் நாங்கள் நின்றோம். இடம் கேட்டவர்களுக்கு நடக்கச் சொல்லித்தர வந்தார் அவர்.

9. நான் அப்போதே சொன்னேன். கட்டுவதற்கு வந்த அவருடைய உதவியாளரிடம், "தம்பி, இது புள்ளைங்களுக்குக் கட்டுறது. எனக்கே ஒரு புள்ள இருக்கு" என்றேன். அவர், "அக்கா, சும்மா நில்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை. சார் ஓடி வந்து வெட்டிடுவாரு" என்றார். பக்கத்தில் நின்ற கலிச்சா அக்கா, "கைல விலங்கு போட்டவன்கூட எதுக்குன்னு சொல்லிட்டுத்தான்டா போட்டான்" என்றாள். உதவியாளர் அடுத்தவளின் காலுக்குக் குனிந்தார். பாடல் தொடங்கிவிட்டது.

10. சார் ஓடி வந்தார். அதை நான் மறைக்கவில்லை. பளபளக்கும் காலணியும் உயரமான வெள்ளைத் தொப்பியுமாக, வாசற்படியிலிருந்து கம்பளம் வரை ஓடினார். அவருடன் போட்டிக்கு ஓடிய இருவரும் மேலதிகாரியை முந்தாமல் ஓடுவதில் நெடுங்காலப் பயிற்சி உள்ளவர்கள். எதிர்பார்த்தபடி அவரே வென்றார். மூச்சு வாங்கிக்கொண்டு தங்க முலாம் பூசிய கத்தரிக்கோலால் முதல் பெண்ணின் நூலை வெட்டினார். கைதட்டல். இரண்டாவது பெண்ணின் நூலை வெட்டினார். சற்றுக் குறைவான கைதட்டல். மூன்றாவதாக நின்ற கலிச்சா அக்காவிடம் குனியும்போது தொலைக்காட்சிக்காரர் உரக்கச் சொன்னார்: "சார், போதும் சார், நல்லா வந்திருக்கு." உள்ளேயிருந்து இன்னொரு குரல்: "சார், ஆட்டுக்கறி ஆறுது."

11. சார் நிமிர்ந்தார். போய்விட்டார்.

12. எல்லாரும் அவர் பின்னாலேயே விருந்துக்குப் போனார்கள். முற்றத்தில் நாங்கள் மட்டும் கால் கட்டப்பட்டு நின்றுகொண்டிருந்தோம். கலிச்சா அக்கா தத்தித் தத்தி ஒதுங்கப் பார்த்துக் கம்பளத்தின் ஓரத்தில் தடுக்கி, சேற்றில் முகம் படிய விழுந்தாள். தளையோடு குழந்தை விழுவது எப்பேர்ப்பட்ட அபசகுனம் என்று தங்களுக்குத் தெரியும். உதவியாளர் ஓடி வந்து தூக்கினார். நன்றி மறக்கக் கூடாது. தூக்கிக்கொண்டே அவர் சொன்ன ஆறுதல்: "பரவாயில்லக்கா, கேமரா ஆஃப்ல இருந்துச்சு." பிறகு சிலர் சமையல்காரரிடம் ரொட்டிக் கத்தி வாங்கி ஒருவர் நூலை மற்றவர் அறுத்துவிட்டார்கள். என் முறை வருவதற்குள் சமையல்காரர் கத்தியைத் திரும்பக் கேட்டுவிட்டார். உள்ளே ரொட்டி போதவில்லையாம்.

13. எங்களுக்கு அன்பளிப்பும் தரப்பட்டது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மென்செருப்பு, ஆளுக்கு ஒரு ஜோடி, மேலே 'முதல் அடி' என்று பூவேலை செய்தது. வீடு தரவில்லை. அதற்குள் போட்டுக்கொள்ளும் செருப்பைத் தந்தார்கள். பேருந்து திரும்பப் புறப்படவிருந்ததால் நான் கட்டிய கால்களுடனேயே அதன் படியேறினேன். அன்று இரவு குளியல் இல்லத்தில் சோப்பு நுரை பூசி, குதிகாலை நெருக்கி, நூலை அறுக்காமல் உருவி எடுத்தேன். தன் தளையைத் தானே வெட்டக் கூடாது. அது தாலந்த்பெக் இசாகோவிச் அவர்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

14. விழா தொலைக்காட்சியில் வந்தது. அதுவரை குளியல் இல்லத்துக்கு வரும் பெண்களுக்கு நான் முதுகு தேய்த்துவிடும் சுய்தும் மட்டுமே. முதலாளி ரக்கியா அக்காவைத் தவிர யாருக்கும் என் கதை தெரியாது. மறுநாள் ஒரு பெண், நான் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "டீவில காலக் கட்டி நிக்க வச்சாங்களே, அது நீதானே? எம் பேத்திக்குக் கட்டுனப்பகூட இவ்வளவு மேளதாளம் இல்லடியம்மா." எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி சிரிக்கவில்லை, "எனக்கு வேற ஆள அனுப்பு" என்று சொல்லித் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ரக்கியா அக்கா, "வெந்நீருக்கு யாரு கைன்னு தெரியாது, நீ உன் வேலையப் பாரு" என்று என்னை வேலையில் வைத்திருக்கிறாள். அரசு செய்யாத மறுவாழ்வை ஒரு குளியல் இல்லக்காரி சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

15. இனி அறை மறுக்கப்பட்ட காரணத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் இல்லத்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் கட்டில்கள், மேலே பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள். மேயில் போனபோது உறைகள் பிரிக்கப்பட்டிருந்தன; துறைத் தலைவரின் தங்கை மகனுக்குத் திருமணம், விருந்தினர்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் எந்தச் சிறையிலிருந்து விடுதலையானவர்கள் என்று காவலாளியிடம் பணிவுடன் விசாரித்தேன். அவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஜூனில் ஒருவழியாக இல்லப் பொறுப்பாளர் எல்மிரா அம்மையாரைப் பார்த்தேன். அவர் கணினியில் தேடிவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"உங்க பேரு மறுவாழ்வு முடிஞ்சவங்க பட்டியல்ல இருக்குதுங்க. இந்த இல்லம் முதல் அடி எடுத்து வைக்காதவங்களுக்கு. நீங்க மார்ச் எட்டாம் தேதியே எடுத்து வச்சிட்டீங்க. நடந்துட்ட புள்ளைக்கு நடைவண்டி எதுக்கு?"

16. ஐயா, மேலே உள்ளதை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நூல் வெட்டியதுதான் மறுவாழ்வு. விழாவில் நின்ற அத்தனை பேரும் அன்று மாலையே மறுவாழ்வு பெற்றுவிட்டோம் என்று தலைநகருக்கு அறிக்கை போயிருக்கிறது. மறுவாழ்வு பெற்றவர்களுக்கு மறுவாழ்வு இல்லத்தில் என்ன வேலை? உலகிலேயே ஒரு பெண்கூட உள்ளே நுழையாமல் தன் கடமையை முழுமையாக நிறைவேற்றிய இல்லம் இதுவாகத்தான் இருக்கும்.

17. "என் நூலை யாரும் வெட்டலையேம்மா" என்றேன். எல்மிரா அம்மையார் மேசை இழுப்பறையைத் திறந்து, "அவ்வளவுதானே, இந்தாங்க கத்தரி, வெட்டிக்குங்க" என்றார். நல்ல மனம்தான். தன்னுடையதைத் தானே வெட்டக் கூடாது என்றேன். உடனே துறைத் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டார். தலைவரின் குரல் எனக்கும் கேட்டது: "அட, அந்தம்மாவா? அடுத்த மகளிர் நாளுக்கு வரச் சொல்லு. மொத ஆளா நிக்க வச்சு வெட்டிடறேன். இந்த வாட்டி கேமராவும் கிட்டக்க வைக்கச் சொல்றேன்."

18. அடுத்த மகளிர் நாளில் என் மகள் தலைநகரில் வேறொரு பெண்மணிக்குப் பூ கொடுத்துக்கொண்டிருப்பாள்.

19. பெகாயின் தளை எப்படி வெட்டப்பட்டது என்றும் தாங்கள் அறிய வேண்டும். அவள் சிறையின் குழந்தைப் பிரிவில் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியபோது என்னிடம் நூலும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. கூர்மையான எதுவும் அங்கே கூடாது. என் கறுப்புக் காலுறையைப் பிரித்தேன். கலிச்சா அக்கா தன் வெள்ளைச் சால்வையின் ஓரத்தைப் பிரித்துக் கொடுத்தாள். பால் கொதிக்க வைக்கும் அறையிலிருந்து தொட்டில் அறை வரை நடைக்கூடத்தில் பெண்கள் ஓடினார்கள். காவலுக்கு நின்ற பெண் அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் பெயரை எழுதி அவருக்கு வம்பு தேட மாட்டேன். தமாரா வென்றாள். அவள் சந்தைகளில் பணப்பை எடுத்து ஓடுபவள். அவளைத் துரத்தியவர்களில் ஒருவர்தான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அவளை முந்தியிருக்கிறார், அதனால்தான் அவள் உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் தரையில் படுத்து என் மகளின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "த்தூ, உன் காலுறை உப்புக் கரிக்குதுடி!" என்றாள். பெகாய் சிரித்தாள். எழுந்தாள். நடந்தாள்.

20. சிறையில் பல்லால் முடிந்த காரியம், வெளியே தங்கக் கத்தரிக்கோலுடன் துறைத் தலைவர் ஓடி வந்தும் முடியவில்லை. தமாராவின் கால் குணம் என் மகளுக்கு வந்திருக்கிறது என்பதற்குக் காப்பகத்தாரே சாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசலில் தலைகாட்டினால் போதும், எந்த ஆயாவாலும் அவளைப் பிடிக்க முடிவதில்லை. வந்து மோதிய கையோடு அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அம்மா, நம்ம வீட்டுல ஜன்னல் இருக்குல்ல?" இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொதிகலன் அறைக்கு ஜன்னல் கிடையாது.

21. ஆகவே சட்டப்படி என் வாதம் இது. நூல் வெட்டப்பட்டால் மறுவாழ்வு முடிந்தது என்பது துறையின் விதி. என் நூல் வெட்டப்படவில்லை. சான்றாக, முடிச்சு அவிழாத, அறுபடாத அந்த நூலை இணைத்திருக்கிறேன். துறையின் விதிப்படியே நான் இன்னும் முதல் அடி எடுத்து வைக்காதவள், அவ்வில்லத்தில் தங்க முழுத் தகுதி உள்ளவள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஐயா. நாற்பதை நெருங்கும் ஒரு பெண், தனக்கு இன்னும் நடக்கத் தெரியாது என்று நிரூபித்து ஆளுநரிடம் மன்றாட வேண்டியிருக்கிறது. மகளுக்காக அதையும் செய்கிறேன்.

22. எனவே, ஆகஸ்ட் 26க்கு முன்பாக 'முதல் அடி' இல்லத்தில் ஜன்னல் உள்ள ஓர் அறையை எனக்கு ஒதுக்கி, அதன் சாவியை என் கையில் கொடுத்து, அம்முகவரியில் என் வசிப்பைப் பதிவு செய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறேன். மற்ற அறைகளையும் யாருக்காகக் கட்டினார்களோ அவர்களுக்கே திறந்துவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கலிச்சா அக்கா இப்போது பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறாள். மேலும், இனி வளர்ந்த பெண்களின் கால்களை எந்த விழாவிலும் எவரும் கட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் நல்லது. வேலை கேட்டோ உணவு கேட்டோ நான் வரவில்லை. அவை இரண்டும் என்னிடம் இருக்கின்றன. மென்செருப்பும் இருக்கிறது.

23. ஆணையில் தாங்கள் கையெழுத்திட்டால், இணைப்பிலுள்ள நூலைத் தங்கள் கையாலேயே வெட்டி இரு துண்டுகளையும் எனக்கு அனுப்பிவையுங்கள்; பெகாயிடம் காட்ட வேண்டும். தாங்கள் ஓடி வர வேண்டியதில்லை. மேசையில் இருந்தபடியே வெட்டலாம். கையெழுத்திட மனமில்லை என்றால் நூலை முழுதாகவே திருப்பி அனுப்புங்கள், தயவுசெய்து குப்பையில் போட வேண்டாம். நான் அதை மறுபடி காலில் கட்டிக்கொண்டு, குழு கூடும் நாளன்று தங்கள் அலுவலக வாசற்படியில் வந்து நிற்பேன். கூட ஒருத்தி வருவாள். தமாரா சென்ற மாதம் விடுதலையாகிவிட்டாள். அவளுடைய பற்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இங்ஙனம், தங்கள் பதிலுக்காகப் பின்வாசலில் காத்திருக்கும்,

(கையொப்பம்)
அக்மாத் மகள் சுய்தும்
பெகாயின் தாய்

இடம்: கோக்-தெரெக்
நாள்: ஆகஸ்ட் 5, 2024

இணைப்பு: கறுப்பு வெள்ளைக் கம்பளி நூல், ஒன்று. முடிச்சுடன்.